மிண்டாமடத்துக் கதவின் சாவி யாரிடம்?

2025 நவம்பர் 8-ஆம் தேதி கொச்சிக்கு அருகே வல்லார்பாடத்தில் எலீசுவா அம்மையாருக்கு அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கொடுத்தார்கள். தமிழ்நாடு–கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் செய்தியைப் படித்த பலருக்கு ஒரு குழப்பம் மிஞ்சியது. 1866-இல் கூனம்மாவில் அவர் தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் கன்னியர் மடம் என்றால், கோவாவில் 1606-இலேயே எழுந்த சந்த மோனிக்கா மடம் எது? எலீசுவா அம்மையார் கதவடைத்து ஜெபித்த மிண்டாமடத்துக்காரரா, பள்ளிக்கூடம் நடத்தும் சிஸ்டர்களுக்கு மூத்தவரா? இன்றைக்குத் தெருவில் நாம் பார்க்கும் சிஸ்டர்களுக்கும் கம்பியழிக்குப் பின்னால் இருப்பவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் இவற்றுக்கெல்லாம் விடை கிடைக்கும். மடத்தின் கதவை யார் பூட்டுகிறார், யார் திறக்கிறார்? உள்ளே இருக்கும் பெண்களா, வெளியே இருப்பவர்களா?

முதலில் சொற்கள்

1. மடம். கேரளத்தில் கன்னியர் வீடு எதுவானாலும் மடம்தான். குமரி மாவட்டத்திலும் அப்படியே சொல்கிறோம். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் 'கான்வென்ட்' என்றால் ஆங்கிலப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரும். அந்தப் பொருளை இங்கே மறந்துவிட வேண்டும்.

2. மிண்டாமடம். 'மிண்டாம இரி' என்று பிள்ளைகளை அதட்டும் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: மிண்டுவது என்றால் பேசுவது. பேசாத மடம். தியான வாழ்வையே முழுநேர வேலையாகக் கொண்ட கன்னியர் வாழும் வீட்டுக்கு மலையாள மக்கள் வைத்த பெயர் இது. சொல் அழகாக இருக்கிறது, ஆனால் பாதி தவறு. ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

3. ஆவிருதி. மடத்தின் அடைப்பு எல்லை. வெளியார் உள்ளே போகக் கூடாத, உள்ளிருப்பவர் காரணமின்றி வெளியே வரக் கூடாத பகுதி. எல்லாத் துறவற வீடுகளிலும் ஓரளவு ஆவிருதி உண்டு. தியான மடங்களில் அது மிகவும் இறுக்கமானது. 'பாப்பரசர் ஆவிருதி' என்று அதற்குத் தனிப் பெயர். அதன் விதிகளை உரோமைதான் வகுக்கிறது.

4. கன்னியரும் சகோதரிகளும். நாம் இருவரையும் சிஸ்டர் என்கிறோம். திருச்சபைச் சட்டம் இருவரையும் பிரித்தே பார்க்கிறது. தியான மடத்துப் பெண்கள் பெரிய வார்த்தைப்பாடு (உயர் படித் துறவற உறுதிமொழி) கொடுத்தவர்கள். அவர்களின் ஒவ்வொரு மடமும் தனித்து நிற்கும். பொதுவான தலைமைச் சபை அவர்களை இங்கிருந்து அங்கே மாற்ற முடியாது. பள்ளி, மருத்துவமனை, முதியோர் இல்லம் நடத்தும் சகோதரிகள் சாதாரண வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள். அவர்களுக்கு மாகாணத் தலைவி உண்டு, பணிமாற்றம் உண்டு. இன்று மார்த்தாண்டத்தில் இருக்கும் சிஸ்டர் அடுத்த ஜூனில் வேறொரு ஊரில் இருக்கலாம். தியான மடத்துக்காரர் பொதுவாகச் சேர்ந்த மடத்திலேயே வாழ்ந்து, அதன் கல்லறையிலேயே அடங்குகிறார்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஆராதனா மடத்துக்காரர்கள் நற்கருணை முன் ஜெபிப்பவர்கள் என்பதால் அவர்களும் மிண்டாமடத்துக்காரர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சபை 1908-இல் சம்பக்குளத்தில் தொடங்கியது. ஆராதனையோடு பள்ளி, மருத்துவப் பணிகளும் செய்யும் சபை. புனித அல்போன்சாம்மாவின் கிளாரா சபையும் அதே வகைதான். அசிசியின் கிளாராவுடைய பெயரும் பிரான்சிஸ்கன் வழியும் அதற்கு உண்டு, ஆனால் அது தனித்து அடைபட்ட 'ஏழைக் கிளாரா' மடம் ஆகாது.

கதவு எப்படி வந்தது

பெண் துறவிகள் தாங்களாக ஒதுங்கி வாழ்ந்தது பழங்காலத்திலேயே உண்டு. அதைச் சட்டமாக்கியது 1298. அந்த ஆண்டு திருத்தந்தை எட்டாம் போனிஃபாஸ் ஓர் ஆணை போட்டார். எந்தச் சபையானாலும், எந்த நாடானாலும், பெண் துறவிகள் எல்லோரும் நிரந்தரமாக அடைப்புக்குள் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஆபத்தாகும் கடும் நோய் வந்தால் மட்டும் விலக்கு. ஆண் துறவிகளுக்கு இப்படி ஒரு பொது ஆணை வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆணை எல்லா இடத்திலும் உடனே நடைமுறைக்கு வரவில்லை. திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் அதை மறுபடியும் வலியுறுத்தியது. 1566-இல் ஐந்தாம் பயஸ் இன்னும் ஒரு படி போனார்: மூன்றாம் சபைப் பெண்களும், அதாவது எளிய விதிகளோடு கூட்டாக வாழ்ந்தவர்களும், பெரிய வார்த்தைப்பாடு எடுத்து அடைப்புக்குள் போக வேண்டும்.

இதன் விளைவை ஓர் உதாரணம் காட்டும். 1610-இல் பிரான்சிஸ் சலேசியாரும் ஜேன் சாந்தாலும் ஒரு பெண்கள் சபை தொடங்கினார்கள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. மரியாள் எலிசபெத்தைச் சந்திக்கப் போனதை நினைத்துச் 'சந்திப்பு' என்று பெயரும் வைத்தார்கள். 1618-இல் அந்தச் சபையும் அடைபட்ட சபையாகிவிட்டது. சந்திப்பு என்ற பெயர் மட்டும் நிலைத்தது.

வெளியே வேலை செய்யும் சகோதரிகளை முழுமையான துறவிகள் என்று உரோமை தெளிவாக ஏற்றுக்கொண்டது 1900-இல், பதின்மூன்றாம் லியோ காலத்தில். கூனம்மாவு மடம் பிறந்தது 1866. அதாவது 'வெளியே வேலை செய்யும் கன்னியாஸ்திரி' என்ற நிலைக்குச் சட்டத்தில் உறுதியான இடம் இல்லாத காலம் அது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கூனம்மாவின் கதை எளிதில் பிடிபடும்.

ஆவிலாவின் பதின்மூன்று பேர்

அடைப்பு வெளியிலிருந்து வந்த கட்டளை. அதை உள்ளிருந்து வேறு ஒன்றாக மாற்றியவர் ஸ்பெயின் நாட்டு ஆவிலாவின் தெரேசம்மாள். எல்லையில் நாம் உத்தரியம் போட்டுக்கொண்டு கொண்டாடும் கார்மேல் துறவற மரபின் பெண்கள் பிரிவு இன்றைய வடிவத்துக்கு வந்தது அவரால்தான்.

அவர் முதலில் இருந்தது ஆவிலாவின் மனித அவதார மடம். 150 பேருக்கும் மேல் வாழ்ந்த பெரிய வீடு. பணக்காரக் குடும்பத்துப் பெண்ணுக்கு வசதியான தனி அறைகள், ஏழைக்குப் பொதுக் கூடம். பெயருக்கு முன்னால் போடும் குடும்பப் பட்டம் உள்ளேயும் செல்லுபடியானது. இந்த வீட்டில் இருந்துகொண்டு உண்மையாக ஜெபிக்க முடியாது என்பது அவர் கண்ட முடிவு. 1562 ஆகஸ்ட் 24-இல் அதே ஊரில் புனித சூசையப்பர் பெயரில் ஒரு சிறிய மடத்தைத் தொடங்கினார். பதின்மூன்று பேர் போதும் என்றார். பின்னால் உச்சவரம்பு 21 ஆனது. குலப்பட்டம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி அறை, ஒரே சாப்பாடு, இறைச்சி இல்லை. தலைவியானாலும் துடைப்பம் எடுக்க வேண்டும்.

நிர்வாக முறைதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். தலைவியை மடத்துப் பெண்களே இரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுப்பார்கள். பதவிக்காலம் 3 ஆண்டு. புதிதாக வந்தவரை நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வதா என்பதையும் வாக்கெடுத்துத்தான் முடிவு செய்வார்கள். பெண்களுக்கு எங்கேயும் வாக்குரிமை இல்லாத 16-ஆம் நூற்றாண்டில், ஒரு வீட்டின் கணக்கு, நிலம், தலைமை, சேர்க்கை எல்லாவற்றையும் பத்திருபது பெண்கள் கூடி ஓட்டுப் போட்டு நடத்தினார்கள். கம்பியழியைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் இந்த ஓட்டைப் பற்றிப் பேசுவதில்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

மிண்டாமடம் என்ற பெயர் பாதி தவறு என்றதற்குக் காரணமும் இங்கே இருக்கிறது. தெரேசம்மாள் தன் மகள்களுக்கு ஒரு நாளில் 2 மணி நேரம் மௌன தியானம் வைத்தார். அதோடு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, இரவில் ஒன்று என்று 2 மணி நேரம் கூடிப் பேசிச் சிரிப்பதற்கும் ஒதுக்கினார். கார்மேல் மடங்களில் இந்த ஒழுங்கு இன்றும் இருக்கிறது. நூல் நூற்றுக்கொண்டோ துணி தைத்துக்கொண்டோ பேசுவார்கள், பாடுவார்கள். முகவாட்டத்தோடு திரியும் துறவிகள் தெரேசம்மாளுக்குப் பிடிக்காது.

கண்டன்விளைக் கோயிலில் நாம் கும்பிடும் குழந்தை தெரேசம்மாள் இந்த வீட்டு மகள்தான். 15 வயதில், 1888-இல், பிரான்சின் லிசியே கார்மேல் மடத்துக்குள் போனார். 24 வயதில், 1897-இல், காசநோயில் இறக்கும் வரை அங்கேதான் இருந்தார். அவரை 1927-இல் சவேரியாரோடு சேர்த்து மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அறிவித்தார்கள். ஒருவர் கோட்டாறு வரை கடலோரமெல்லாம் நடந்தவர், மற்றவர் மடத்துவாசல் தாண்டாதவர். தியான மடத்தின் வேலை என்ன என்று கேட்பவருக்குத் திருச்சபை சொல்லும் பதில் இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததில் இருக்கிறது. ஊழியத்துக்குப் போகிறவருக்குப் பின்னால் நின்று ஜெபிப்பதும் ஊழியமே என்பது அந்தப் பதில்.

கோவா, 1606: வாசலை மூடிக் கொன்ற மடம்

1599 ஜூனில் உதயம்பேரூரில் மார்த்தோமா கிறிஸ்தவர்களை இலத்தீன் ஒழுங்குக்குள் இழுத்த சங்கத்தைக் கூட்டியவர் கோவாவின் பேராயர் அலெய்ஷோ தெ மெனேசிஸ். கேரள வரலாறு படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். அவர்தான் ஏழு ஆண்டு கழித்து, 1606-இல், பழைய கோவாவில் சந்த மோனிக்கா மடத்தை நிறுவினார். இவரும் அகுஸ்தீன் சபைத் துறவி, மடமும் அகுஸ்தீன் சபைக் கன்னியருக்கு. 1627-இல் கட்டி முடித்த அந்த மூன்று மாடிக் கட்டடம் இன்னும் நிற்கிறது. இந்தியாவின் முதல் அடைபட்ட கன்னியர் மடம் அதுதான். ஆகவே 1606-ஐச் சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை.

ஆனால் யாருக்கான மடம்? பெரும்பாலும் போர்த்துக்கீசியக் குடும்பத்துப் பெண்களுக்கும் விதவைகளுக்கும். சேர வரதட்சணை வேண்டும். உள்ளேயும் கறுப்பு முக்காடு, வெள்ளை முக்காடு என்று இரண்டு படி. ஊரின் சொத்தும் கல்யாண வயதுப் பெண்களும் மடத்துக்குள் போய்விடுகிறார்கள் என்று கோவா நகர சபையார் அரசரிடம் முறையிடும் அளவுக்கு அது பெரிதாக வளர்ந்தது. ஆவிலாவில் தெரேசம்மாள் விட்டு வந்த பெரிய வீட்டின் பல குணங்கள் இதிலும் இருந்தன.

முடிவு எப்படி வந்தது என்பதை நிதானமாகப் படிக்க வேண்டும். 1834-இல் போர்த்துக்கல் அரசு துறவற சபைகளை ஒழித்தது. ஆண்கள் மடங்களை உடனே மூடினார்கள். பெண்கள் மடங்களை மூடவில்லை. புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது, இருப்பவர்களில் கடைசி ஆள் இறந்ததும் கட்டடம் அரசுக்கு என்று விதித்தார்கள். சந்த மோனிக்காவில் கடைசிக் கன்னியர் இறந்தது 1885-இல். ஐம்பது ஆண்டு அந்தப் பெண்கள் ஒவ்வொருவராகக் கல்லறைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு, ஜெப வேளை தவறாமல் வாழ்ந்திருக்கிறார்கள். நூற்றுக்கும் குறையாத ஆட்கள் நிறைந்திருந்த கூடத்தில் கடைசி நாட்களில் ஒரு குரல் மட்டும் சங்கீதம் சொல்லியிருக்கும் என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

தியான மடத்தை இடித்து அழிக்க வேண்டியதில்லை. சேர்க்கை வாசலை வெளியிலிருந்து பூட்டினால் போதும்.

கூனம்மாவு, 1866: பனம்பு வீடு

களியக்காவிளை வழியாகப் போகும் 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலேயே வடக்கே போனால், இடப்பள்ளி தாண்டி, வராப்புழைக்கும் வடக்கு பரவூருக்கும் இடையில் கூனம்மாவு வரும்.

எலீசுவா 1831 அக்டோபர் 15-இல் வைப்பின் தீவின் ஓச்சந்துருத்தில் பிறந்தவர். 1847-இல் வாகயில் குடும்பத்து வத்துருவுக்கு வாழ்க்கைப்பட்டார். 1850-இல் அன்னா என்ற மகள். 1851-இல் கணவர் இறந்துபோனார். இருபது வயது விதவை, கையில் குழந்தை. மறுமணத்துக்கு மறுத்துவிட்டார். வீட்டோரமாக ஒரு சிறிய இடத்தில் ஒதுங்கி ஜெபிக்கத் தொடங்கி, ஏறத்தாழ பத்து ஆண்டு அப்படியே வாழ்ந்தார். வளர்ந்த மகளும், தங்கை திரேசியாவும் அதே வழியில் சேர்ந்துகொண்டார்கள். அந்த ஊரில் அப்போது கன்னியர் மடம் என்ற ஒன்றே கிடையாது. பார்த்துப் பழக ஒரு முன்மாதிரி இல்லாமல், தாயும் மகளும் தங்கையும் தாங்களாகவே ஆவிருதி போட்டுக்கொண்ட வீடு அது. யாரும் பூட்டவில்லை.

தன் விருப்பத்தை அவர் இத்தாலியக் கார்மேல் துறவி லெயோபோல்து பெக்காரோவிடம் சொன்னார். கேரளத்தில் 1657 முதலே கார்மேல் துறவிகள் இருந்தார்கள். வராப்புழை அவர்களின் மையம். அப்போதைய பேராயர் பெர்னர்தீன் பச்சினெல்லியும் கார்மேல்காரர். மக்களிடையே மிகுந்த மதிப்புப் பெற்றிருந்த சாவறை குரியாக்கோஸ் ஏலியாஸ் அச்சனும் லெயோபோல்தும் சேர்ந்து மடத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். 1866 பிப்ரவரி 13-இல் கூனம்மாவில் மடம் பிறந்தது. கல் கட்டடம் கட்டப் பணம் இல்லை. மூங்கில் பிளந்து முடைந்த பாயை, மலையாளத்தில் பனம்பு என்பார்கள், சுவராக நிறுத்தினார்கள். பனம்பு மடம் என்றே பெயர் வந்தது.

முதல் ஆட்கள் நான்கு பேர்: எலீசுவா, மகள் அன்னா, தங்கை திரேசியா, கிளாரா. மூவர் இலத்தீன் ரீத்து, கிளாரா சுரியானி ரீத்து. ரீத்து என்றால் வழிபாட்டு மரபு.

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். இது மிண்டாமடமா?

1. வாழ்க்கை முறையில் கிட்டத்தட்ட ஆம். கார்மேல் விதிகளைத் தழுவிய ஒழுங்கு, தியான நேரம், மௌனம், ஆவிருதி எல்லாம் இருந்தன.

2. சட்டப்படி இல்லை. இது கார்மேலின் மூன்றாம் சபை. பெரிய வார்த்தைப்பாடு கொடுத்த தனித்த மடம் ஆகாது.

3. வேலையிலும் வித்தியாசம் உண்டு. தொடங்கி அதிக நாள் ஆகுமுன்பே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் மடத்தோடு சேர்ந்தன. எழுத்து, கணக்கு, தையல், ஜெபம். ஆவிருதிக்குள் இருந்தபடியே பிள்ளைகளை உள்ளே கூட்டிவந்து படிப்பித்தார்கள்.

ஆக, 'இந்தியப் பெண்களுக்காக, இந்தியப் பெண்ணால் கேரளத்தில் தொடங்கிய முதல் துறவற சபை' என்று கூனம்மாவைச் சொல்வது சரி. 'இந்தியாவின் முதல் கன்னியர் மடம்' என்பது சரியில்லை. 1866-ஐயும் 1606-ஐயும் ஒன்றோடொன்று மோதவிடத் தேவையில்லை.

1890: நிறுவியவர் வெளியேறியது

1887 மே 20-இல் பதின்மூன்றாம் லியோ கேரளத்துச் சுரியானிக் கத்தோலிக்கரை இலத்தீன் ஆயர்களின் கீழிருந்து பிரித்து, திருச்சூர், கோட்டயம் என்று தனி ஆட்சிப் பகுதிகள் அமைத்தார். சுரியானி மக்கள் நெடுங்காலம் கேட்டுப் பெற்ற நியாயமான உரிமை அது. ஆனால் ஒரே கூரையின் கீழ் இரண்டு ரீத்துப் பெண்களும் வாழ்ந்த கூனம்மாவு மடம் என்ன ஆகும்?

1890-இல் மடம் இரண்டாகப் பிரிந்தது. கூனம்மாவு வீடு சுரியானிப் பெண்களிடம் போனது. இலத்தீன்காரர் என்பதால் எலீசுவா அம்மையார் தான் தொடங்கிய மடத்தைவிட்டு மகளோடும் தங்கையோடும் வெளியேற வேண்டி வந்தது. அப்போது அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. அதே ஆண்டில் வராப்புழையில் புதிய மடம். அங்கேதான் 1913 ஜூலை 18-இல் இறந்தார். இலத்தீன் பிரிவு இன்றைய தெரேசியன் கார்மேல் சபை. சுரியானிப் பிரிவு கார்மேல் மாதா சபை, ஒல்லூரின் 'ஜெபிக்கும் அம்மை' எவுப்ராசியம்மாவின் சபை. அவருக்கும் சாவறை அச்சனுக்கும் 2014 நவம்பர் 23-இல் ஒரே நாளில் புனிதர் பட்டம் கிடைத்தது.

குமரி வாசகருக்கு இது தொலைதூரக் கதையாகத் தோன்றாது. கோட்டாறும் குழித்துறையும் இலத்தீன், தக்கலை சீரோ மலபார், மார்த்தாண்டம் சீரோ மலங்கரை. ஒரே மாவட்டத்தில் மூன்று ரீத்து, ஒரே தெருவில் மூன்று கோயில். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரில் இருந்த ஊர்கள் இவை. ரீத்துப் பிரிவினை ஒரு குடும்பத்தின் கல்யாணப் பேச்சில்கூட வந்து நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். கூனம்மாவில் அது ஒரு மடத்தின் அடுப்படியில் வந்து நின்றது. உள்ளே இருந்த பெண்கள் சண்டை போட்டுப் பிரிந்ததில்லை இது. எல்லைக்கோடு வெளியே வரையப்பட்டது, வீடு உள்ளே பிளந்தது.

சோறும் சொத்தும்

தியான மடத்துக்குச் சம்பளம் கிடையாது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் வேலை செய்யும் சகோதரிகள், அருட்தந்தையர் சம்பளத்துக்கு வருமான வரி பிடிப்பது செல்லும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதே, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பரபரப்பான அந்த வழக்கு மிண்டாமடத்துக்காரர்களைத் தொடவே இல்லை. அவர்கள் கைவேலையாலும் காணிக்கையாலும் பிழைக்கிறார்கள். பல மடங்களில் முக்கிய வேலை திருப்பலிக்கான ஓஸ்தி செய்வது. கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும், உப்புகூடச் சேராது. மாவைச் சூடான இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவில் ஊற்றி மெல்லிய தகடாகச் சுடுவார்கள். சுட்ட உடனே வெட்டினால் நொறுங்கும். ஈரக்காற்றில் கொஞ்சம் பதப்படுத்தி, அப்புறம் வட்டவட்டமாக வெட்டி எடுப்பார்கள். பூசை உடை தைப்பது, மெழுகுதிரி வார்ப்பது, காய்கறி போடுவது மற்ற வேலைகள்.

சொத்து விஷயம் கொஞ்சம் சட்டச் சிக்கலானது. பெரிய வார்த்தைப்பாட்டுக்கு முன் அந்தப் பெண் தன் பேரிலுள்ள எல்லாவற்றையும் நாட்டுச் சட்டத்தில் செல்லும்படி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். குடும்பச் சொத்தில் பங்கு இருந்தால் நம் வழக்கில் விடுதலைப் பத்திரம் போடுவது போல. எழுதிக் கொடுக்க ஏதாவது இருந்தால்தானே? 1916-இன் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951 முதலே நடப்பில் இல்லை என்று தீர்த்தது. மடங்களோ 1917-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்புப்படி வரதட்சணை கேட்டன. 1983-இன் புதிய தொகுப்பில் அந்தக் கட்டாயம் போய்விட்டது. கல்யாணத்துக்கும் சீதனம், மடத்துக்கும் சீதனம் என்று இரண்டு பக்கமும் அடைபட்டிருந்த ஒரு திருவிதாங்கூர் ஏழைப் பெண்ணின் நிலையை இந்த எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

2016, 2018: இன்றைய சட்டம்

திருத்தந்தை பிரான்சிஸ் 2016 ஜூன் 29 தேதியிட்டுத் தியானக் கன்னியருக்கான அடிப்படை ஆவணத்தையும், உரோமைத் துறவற அலுவலகம் 2018 ஏப்ரல் 1 தேதியிட்டு அதன் நடைமுறை விதிகளையும் வெளியிட்டன. 'மடத்தை மூடுகிறார்கள்', 'சேர்க்கிறார்கள்' என்று இப்போது வரும் செய்திகளின் வேர் இவற்றில்தான்.

1. வெளியே போக அனுமதி. 1983 தொகுப்பின்படி ஆவிருதிக்குள் யார் வரலாம், யார் வெளியே போகலாம் என்பதில் ஆயருக்கு அதிகாரம் இருந்தது. 2018 விதி அதை மடத்துத் தலைவியின் கைக்கே மாற்றியது. 15 நாளுக்கு மேல் போனால் அவர் தன் ஆலோசனைக் குழுவின் சம்மதம் பெற வேண்டும், அவ்வளவுதான். மருத்துவமனை, வாக்குச்சாவடி போன்ற தேவைகளுக்குக் கன்னியர் முன்பும் வெளியே வந்தார்கள். ஆனால் 1298 முதல் வெளியார் வைத்திருந்த சாவி முறைப்படி உள்ளே வந்தது இப்போதுதான். இந்த மாற்றம் செய்திகளில் அநேகமாக வரவே இல்லை.

2. பயிற்சிக் காலம். சேர்வதிலிருந்து பெரிய வார்த்தைப்பாடு வரை குறைந்தது 9 ஆண்டு, அதிகம் 12 ஆண்டு. 'பிள்ளையைப் பிடித்து அடைத்துவிட்டார்கள்' என்ற பேச்சுக்கு இதுவே பதில். இந்தக் காலம் முழுக்க அவரும் போகலாம், மடமும் அனுப்பலாம்.

3. ஆள் சேர்ப்பு. மடம் அழியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் வேறு நாட்டிலிருந்து பெண்களைக் கொண்டுவருவதை அறவே தவிர்க்க வேண்டும். கேரளத்துக்கு இந்த வரியின் பொருள் நன்றாகத் தெரியும். 1970-இல் கேரளப் பெண்களை ஐரோப்பிய மடங்களுக்குக் கூட்டிப்போவது பற்றி லண்டன் பத்திரிகை ஒன்று எழுதியது பெரிய விவாதமானது. அழைத்தல் வேறு, ஆள் பிடிப்பது வேறு என்று இத்தனை ஆண்டு கழித்தாவது எழுத்தில் வந்தது நல்லது.

4. கூட்டமைப்பு. தனித்த மடங்கள் ஒரு கூட்டமைப்பில் சேருவது கட்டாயமாகிவிட்டது. தனித்தன்மை போய்விடும் என்று உலகின் பல மடங்கள் கவலைப்பட்டது இதனால்தான்.

5. எண்ணிக்கை. ஒரு மடத்தைத் தனித்த மடமாக நிறுவக் குறைந்தது 8 பெரிய வார்த்தைப்பாட்டுக் கன்னியர் வேண்டும்; பெரும்பாலோர் முதியவராக இருக்கக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் மடத்தில் அந்த எண்ணிக்கை 5 ஆகக் குறைந்தால், தங்கள் தலைவியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போய்விடும். அப்போது கூட்டமைப்புத் தலைவி உரோமைக்குத் தெரிவிப்பார். மடத்தைத் தேற்றுவதா, வேறொன்றோடு இணைப்பதா, மூடுவதா என்று ஒரு குழு பார்க்கும்.

முதல் விதி சாவியை உள்ளே கொடுத்தது, ஐந்தாவது விதி ஆள் குறைந்தால் ஓட்டுரிமையை எடுத்துக்கொண்டது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். மூன்று முதிய கன்னியர் ஒரு பெரிய கட்டடத்தையும் நிலத்தையும் காத்துக்கொண்டு, ஏமாற்றுவோருக்கு நடுவில் தனியாக இருப்பது ஆபத்து. அதனால் விதிக்கு நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் தெரேசம்மாள் பதின்மூன்று பேரின் கையில் கொடுத்த ஓட்டு அது. அதை எடுப்பதற்கு முன் அந்த ஐந்து பேரிடமும் உட்கார்ந்து பேச வேண்டும், கேட்க வேண்டும்.

அடுத்த முறை எந்த மடத்தைப் பற்றிச் செய்தி வந்தாலும் மூன்று விஷயம் பார்த்தால் போதும். அது தனித்த தியான மடமா, பெரிய சபையின் கிளை வீடா? பெரிய வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் எத்தனை பேர்? கடைசியாக எப்போது தலைவியை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள்? முதல் கேள்விக்குக் 'கிளை வீடு' என்று பதில் வந்தால், மற்ற இரண்டும் அந்த மடத்துக்குப் பொருந்தா. அங்கே முடிவெடுப்பவர் மாகாணத் தலைவி.

நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று. மிண்டாமடத்தின் சிற்றாலயம் பொதுவாக எல்லோருக்கும் திறந்திருக்கும். காலைப் பூசைக்குப் போகலாம். பீடத்துக்குப் பக்கவாட்டில் கம்பியழிக்கு அப்பால் கன்னியர் பாடுவது கேட்கும். ஜெப விண்ணப்பம் இருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு மணியை அடிக்க வேண்டும். பல மடங்களில் சுவரில் பதித்த மரப்பெட்டி ஒன்று இருக்கும். தாளை அதில் வைத்தால் பெட்டி உள்பக்கமாகச் சுழலும்.